பூஜப்புரை தந்த நடிகை

ஆண்டுதோறும் நவராத்திரி நெருங்கும்போது, பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டுத் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். வழியில் களியக்காவிளையில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. மனிதருக்குத்தான் அது எல்லை. தெய்வங்கள் பழைய திருவிதாங்கூர்ப் பாதையிலேயே வந்து திரும்புகின்றன. விஜயதசமியன்று முருகப்பெருமான் வெள்ளிக் குதிரை மீதமர்ந்து நகரின் கிழக்கேயுள்ள பூஜப்புரை மண்டபத்திற்குச் செல்வார். அலுவல் காரணமாகத் திருவனந்தபுரத்தில் குடியேறிய நாம் ஆண்டுதோறும் காணும் காட்சி இது.

நாகர்கோவிற் பக்கத்திலிருந்து பூஜப்புரைக்கு வந்து, பிறகு சென்னை சென்று, அறுபது ஆண்டுக் காலம் இரு மொழிப் படவுலகிலும் நிலைத்திருந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். சுகுமாரி என்பது அவர் பெயர். கதாநாயகியாக அவரை நினைவிற் கொண்டோர் எவருமிலர். மாமியாராக, தாயாக, பாட்டியாக, கன்னிமடத்துச் சகோதரியாக, சமையற்காரியாக அவரைக் கண்டோர் கோடிக்கணக்கானோர். திரைப்பட வரலாறு எழுதுவோர் இத்தகையோருக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் ஒரு வரி. சில வேளைகளில் அதுவுமில்லை.

இவ்விடத்தில் நம் தொழில் சார்ந்த ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். மைய அரசின் ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் இருக்கும் நமக்குத் தேசிய திரைப்பட விருதுகளின் பட்டியல் எப்போதேனும் மேசைக்கு வருவதுண்டு. அதில் 'சிறந்த துணை நடிகை' என்றொரு பிரிவு. தமிழ்நாட்டில் துணை நடிகர் என்றால், கூட்டத்தில் நின்று, அன்றாடக் கூலி பெற்று, பெயரில்லாமற் போகும் எளிய கலைஞரையே மக்கள் நினைக்கின்றனர். கதையைத் தோளில் தாங்குபவரைக் குணசித்திர நடிகர் என்பர். ஆனால் விருதுப் பட்டியலில் இருவருக்கும் ஒரே சொல்தான். மலையாளத்திலோ 'சகநடி' என்கின்றனர், உடன் நடிப்பவள் என்ற பொருளில். நமக்கு அச்சொல் பிடித்திருக்கிறது. அதே மலையாள நாட்டு அரசு நெடுங்காலம் வழங்கிவந்த விருதின் பெயர் 'இரண்டாவது சிறந்த நடிகை' என்பதாம்! அந்த இரண்டாவது இடத்தைச் சுகுமாரி ஒரு முறையன்று, பல முறை பெற்றார்.

1940ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் அவர் நாகர்கோவிலில் பிறந்தார். அவ்வாண்டு நவராத்திரி நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தந்தையார் மாதவன் நாயர் வங்கி அலுவலர். தாயார் சத்தியபாமா அம்மாள். வீட்டு மொழி மலையாளம். வீதி மொழி தமிழ். நாகர்கோவில் அன்று திருவிதாங்கூர் மன்னராட்சிக்கு உட்பட்டிருந்தது. பதினாறு ஆண்டுகள் கழிந்து, 1956 நவம்பர் முதல் நாள், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவர் பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும், படித்த ஊர் வேறொரு மாநிலத்திலுமாகப் பிரிந்தன. அதற்குள் அவர் இரண்டையும் விட்டுச் சென்னைக்குப் போய்விட்டிருந்தார்.

படித்த ஊர் என்றோமே, அதுதான் பூஜப்புரை. அங்குள்ள தொடக்கப் பள்ளியில் அவர் சிறுமியாய்ப் பயின்றார். அவ்வூரில்தான் லலிதா, பத்மினி, ராகினி என்னும் திருவிதாங்கூர்ச் சகோதரிகளின் இல்லமும் இருந்தது. அம்மூவரும் சுகுமாரிக்கு உறவுமுறையில் அக்காள்மார். 1948இல் உதயசங்கரின் 'கல்பனா' என்னும் இந்திப் படத்தில் லலிதாவும் பத்மினியும் ஆடினர். அது முதல் தென்னாட்டுப் படங்களில் அவர்களுடைய நடனம் இல்லாத படத்தைத் தேட வேண்டியதாயிற்று. சிறுமி சுகுமாரி அவர்களது நடனக் குழுவில் சேர்ந்தார். படிப்புச் சென்னையில் தொடர்ந்து, விரைவிலேயே நின்றும் போயிற்று. சலங்கை கட்டிய காலுக்குப் பள்ளி மணி கேட்பதில்லை என்பது அந்நாளைய வழக்கு நிலை.

பூஜப்புரையும் நாகர்கோவிலும் படத்தொழிலுக்குப் புதியவையல்ல. மலையாளத்தின் முதற் படமாகிய 'விகதகுமாரன்' என்னும் ஊமைப் படத்தைத் திருவனந்தபுரத்தில் எடுத்த ஜே. சி. டானியல், அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். நேமத்தில் மெரிலாண்ட் ஸ்டூடியோவை நிறுவிய பி. சுப்பிரமணியம் நாகர்கோவில்காரர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி அதே நகரின் ஒரு பகுதி. மலையாளப் படவுலகின் மூத்த நாயகராய் விளங்கிய திக்குறிச்சி சுகுமாரன் நாயரின் ஊரும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலேயே உள்ளது. இத்தனை பேரை ஒரு சிறு நிலப்பரப்பு தந்திருப்பதற்கு, இரு மொழியும் காதில் விழ வளர்ந்ததே காரணமோ என்று நாம் நினைப்பதுண்டு. மெய்ப்பிக்கச் சொன்னால் நம்மால் இயலாது.

சுகுமாரி திரையில் முதன்முதல் தோன்றியது 1951இல், தமிழில். அறிஞர் அண்ணாவின் நாடகத்தை ஏவி.எம். நிறுவனத்தார் 'ஓர் இரவு' என்ற பெயரிலேயே படமாக்கினர், ப. நீலகண்டன் இயக்கினார், லலிதா அதில் நடித்தார். பத்து வயதுச் சிறுமிக்கு ஒரு நடனம் கிடைத்தது. அதன் பின் பத்தாண்டுக் காலம் நடனமே அவருக்குச் சோறிட்டது. அக்காலத்துப் படங்களில் கதை நகராத இடமெல்லாம் ஒரு நடனம் வந்து நிற்கும். ஆடுகிறவள் யார் என்று கேட்பாரில்லை. ஆட்டம் முடிந்ததும் கதாநாயகி வருவாள்.

1961இல் வெளிவந்த 'பாசமலர்' நம் நேயர்களில் பலர் பன்முறை பார்த்து அழுத படம். அதில் மணப்பெண்ணைக் கேலி செய்து தோழியர் ஆடும் பாட்டு ஒன்று, பாடியவர் எல். ஆர். ஈஸ்வரி. தமிழ் மக்கள் வாழும் எந்த ஊரிலும், பம்பாயாயினும் தில்லியாயினும், கலியாணப் பந்தலில் அப்பாட்டு ஒலிக்காமல் ஒரு தலைமுறை திருமணம் செய்துகொண்டதில்லை எனலாம். சாவித்திரி நாணித் தலைகவிழ்ந்திருக்க, முன்னின்று ஆடுபவர் சுகுமாரி. பாட்டு நிலைத்தது, பாடியவர் பெயர் நிலைத்தது, ஆடியவரைக் கேட்டால் பலரும் விழிக்கின்றனர். துணைப் பாத்திரத்தின் விதி அன்றே அவருக்கு எழுதப்பட்டுவிட்டது போலும்.

அப்படத்தை இயக்கிய ஏ. பீம்சிங்கை அவர் 1959இல் மணந்திருந்தார். பகரத்தில் தொடங்கும் பெயர்களாகவே வைத்து, 'பதிபக்தி', 'பாகப்பிரிவினை', 'பாவமன்னிப்பு', 'பார்த்தால் பசிதீரும்' என்று குடும்பக் கதைகளை வரிசையாகத் தந்தவர் பீம்சிங். அவ்வளவு பெரிய இயக்குநரின் இல்லத்தரசி விரும்பியிருந்தால் தமக்கென ஒரு நாயகி வேடம் எழுதச் செய்திருக்கலாம் என்று உலகம் எண்ணும். அப்படி எதுவும் நிகழவில்லை. 1978 சனவரியில் பீம்சிங் காலமானார். சுகுமாரிக்கு அப்போது முப்பத்தேழு வயது, ஒரு மகன். அவர் நடிப்பை விடவில்லை. இன்று நாம் அவருடைய சிறந்த வேடங்கள் எனக் கருதுபவற்றிற் பெரும்பாலானவை இதற்குப் பிற்பட்டவையே.

ஆயினும் அவருடைய கலையின் அடையாளம் அதற்கு முன்பே வெளிப்பட்டுவிட்டது. 1972இல் பி. மாதவன் இயக்கத்தில் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' படத்தை நினைவுகூர்வோம். சோழவந்தான் பக்கத்துக் கிராமத்துப் பெரியதனக்காரன் மூக்கையனாகச் சிவாஜி கணேசன்; வெளிநாடு சென்று படித்துத் திரும்பிய முறைப்பெண்ணாக ஜெயலலிதா; அவளுடைய தந்தையாக வி. கே. ராமசாமி, கணவனையும் கிராமத்தையும் ஏளனஞ் செய்து மகளின் வாழ்வைக் கலைக்கும் பட்டணத்துத் தாயாகச் சுகுமாரி. ஆண்டுகளைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஜெயலலிதா 1948இல் பிறந்தவர்; தாய்க்கும் மகளுக்கும் எட்டாண்டு கூட வேறுபாடில்லை. சிவாஜி 1928இல் பிறந்தவர். மாமியார் மருமகனைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்! இன்னுமொரு வேடிக்கை: 1970இல் 'வியட்நாம் வீடு' படத்தில் அக்காள் பத்மினி சிவாஜிக்கு மனைவி, இரண்டே ஆண்டு கழித்துத் தங்கை அவருக்கு மாமியார்.

இதை வெறும் வேடிக்கையாக மட்டும் விட்டுவிட மனமில்லை. அழகும் இளமையும் உள்ள ஒருத்தி, முப்பத்திரண்டு வயது நிரம்பு முன்னரே மாமியார் வேடத்தை ஏற்பது என்றால், நாயகிப் பதவியைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று பொருள். நடிகர் ஐம்பதிலும் கல்லூரி மாணவனாக வருவார். நடிகை முப்பதில் தாயாக வேண்டும். அந்நாளிலிருந்து இன்றுவரை படவுலகின் நியாயம் இதுதான். இது நியாயமன்று என்பது நம் கருத்து. எனினும் சுகுமாரி அந்த வேடத்தில் செய்ததைப் பாருங்கள். ஒட்டு வைத்த நரையையும் தள்ளாட்டத்தையும் அவர் நம்பவில்லை. முகவாயை ஓரங்குலம் உயர்த்தி, கிராமத்தானோடு பேசும்போது பார்வையை அவன் தோளுக்கு மேலே செலுத்தி, சொற்களை இழுத்து விடுவார். செருக்கு வந்துவிட்டது, செருக்கோடு வயதும் வந்துவிட்டது. மூக்கையனின் கோபம் அரங்கில் கைதட்டல் பெறுகிறதென்றால், அக்கோபத்திற்கு முதலீடு செய்தவர் இவர்.

இந்தத் திறம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு மேடையிலிருந்து வந்ததென்று நாம் கருதுகிறோம். சோ ராமசாமியின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவில் சுகுமாரி பல ஆண்டுகள் நடித்தார். 1968இல் மேடையேறிய 'முகமது பின் துக்ளக்' 1971இல் படமானபோதும் அவர் அதில் உண்டு. சோவின் நாடகம் சொல்லால் ஓடுவது. நகைச்சுவைச் சொல் ஒன்று அரை விநாடி தாமதித்தாலும் விழுந்துவிடும், முந்தினாலும் விழுந்துவிடும். மைலாப்பூர் சபா ரசிகர்கள் முன்னிலையில், பின்னணிக் குரலின் துணையில்லாமல், மலையாளக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தமிழ் பேசிச் சிரிக்கவைத்தாள் என்பதை, அயல் மாநிலங்களில் அயல்மொழி பேசிப் பிழைக்கும் நம் நேயர்கள் எளிதிற் புரிந்துகொள்வர். அலுவலகத்தில் இந்தியில் ஒரு நகைச்சுவை சொல்லிவிட்டு எவரும் சிரிக்காமல் நின்ற அனுபவம் நம்மவரிற் பலருக்கு இருக்குமல்லவா?

மேடையில் கற்ற அந்தக் காலப் பிரமாணம் மலையாளத்திற்கு முழுதும் பயன்பட்டது. மலையாளப் படங்களில் பல நெடுங்காலம் கோடம்பாக்கத்திலேயே தயாராகிவந்தன. சென்னையிலிருந்தபடியே இரு மொழியிலும் நடிக்க அவருக்கு அது வாய்ப்பாயிற்று. எண்பதுகளில் பிரியதர்சன் என்னும் இளம் இயக்குநர் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டார். அவருடைய முதற் படமாகிய 'பூச்சைக்கொரு மூக்குத்தி' 1984இல் வந்தது; அதில் சுகுமாரி படாடோபமே உருவான சீமாட்டி ரேவதியம்மை. அடுத்த ஆண்டு 'போயிங் போயிங்' படத்தில் சமையற்காரி 'டிக் அம்மாயி'. விமானப் பணிப்பெண்கள் மூவரை ஒருவருக்கொருவர் தெரியாமல் காதலித்து ஏமாற்றும் இளைஞனின் வீட்டில், யாருக்கு எந்த வேளை என்ன சமைப்பதென்று தவித்து, இறுக்கமான முகத்தோடு அவனை அதட்டும் வேடம். கேரளத்தில் இன்றும் அப்பெயரைச் சொன்னால் போதும், சிரிப்பு வரும்.

அதே கையால்தான் 1986இல் பத்மராசனின் 'அரப்பட்ட கெட்டிய கிராமத்தில்' படத்தில் விலைமாதர் இல்லத்தை நடத்தும் மாளுவம்மையின் வேடத்தையும் ஏற்றார். சீமாட்டிக்கும் சமையற்காரிக்கும் மாளுவம்மைக்கும் நடுவே இரண்டே ஆண்டு இடைவெளி. மலையாளப் படங்களின் தாய் என்றால் கவியூர் பொன்னம்மையின் முகமே முதலில் தோன்றும். குங்குமமும் கனிவும் கலந்த ஒரே முகம் அது. சுகுமாரிக்கு அத்தகைய ஒரு முகம் இல்லை. 2008இல் 'மிழிகள் சாட்சி'யில் அவர் ஒரு முஸ்லிம் தாய். பயங்கரவாதக் குற்றத்திற்குள்ளான மகனின் துயரத்தைச் சுமந்தலைபவள். எந்த மதத்து வீட்டிலும், எந்த வகுப்பு வீட்டிலும் அவரை நிறுத்தலாம்; அந்த வீட்டுக்காரியாகவே இருப்பார். இது ஒரு நடிகைக்குப் பெருமையே. ஆனால் ரசிகர் மன்றம் அமைவதற்கு இதைவிடத் தடையானது வேறில்லை.

அவர் நடித்த படங்கள் இரண்டாயிரம் என்பாரும், இரண்டாயிரத்து ஐந்நூறு என்பாரும் உளர். 1951 முதல் 2013 வரை அறுபத்திரண்டு ஆண்டு. பின்னதை ஏற்றால் ஆண்டுக்கு நாற்பது படம், மாதத்துக்கு மூன்றுக்கும் மேல். வரலாற்றுக் கண்ணோடு பார்க்கிறவர்கள் இவ்வெண்ணை அப்படியே ஏற்கத் தயங்குவர், நாமும் தயங்குகிறோம். ஆனால் இந்தக் குழப்பத்திற்குக் காரணம் அவரல்லர். நாயகனின் நூறாவது படத்திற்கு விழா எடுக்கிறோம். அப்படத்தில் அவனுக்குச் சோறு பரிமாறிய தாய்க்கு அது எத்தனையாவது படம் என்று எவரும் குறித்து வைப்பதில்லை.

திருவனந்தபுரத்தோடு அவரைச் சேர்த்து நினைக்கும்போது நமக்கு முதலில் தோன்றுவது 2002இல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த 'நிழல்க்குத்து'. மன்னராட்சிக் காலத்துத் திருவிதாங்கூரின் தூக்கிடுவோன் காளியப்பன் அதன் தலைமைப் பாத்திரம். நடித்தவர் ஒடுவில் உண்ணிக்கிருஷ்ணன். குற்றமற்ற ஒருவனைத் தூக்கிலிட்டுவிட்டோமோ என்ற எண்ணம் அவனை அரிக்கிறது, குடியில் மூழ்குகிறான். அவன் தூக்கிட்ட கயிற்றை எரித்த சாம்பல் நோய் தீர்க்கும் என்று ஊரார் அவனிடமே வந்து நிற்கின்றனர். மகன் முத்துவோ காந்தி வழியில் இராட்டை நூற்பவன். இந்த வீட்டில் காளியப்பனின் மனைவி மரகதம். அது சுகுமாரியின் வேடம்.

காளியப்பன், முத்து, மரகதம் என்னும் பெயர்களே அது எந்த நிலத்துக் குடும்பம் என்பதைச் சொல்லிவிடும். மரகதத்திற்கு நீண்ட வசனமில்லை. மீண்டும் ஒரு தூக்குக்கு அரசாணை வந்த பிறகு, கணவனின் முகத்தைப் பார்க்காமல் வீட்டு வேலையைச் செய்துகொண்டிருக்கும் பெண் அவள். அரசன் கொடுத்த நிலத்தில் விளைந்ததைத் தின்கிறோம், அதன் விலை இன்னதென்று தெரியும், தெரிந்தும் அடுப்பை மூட்டத்தான் வேண்டும் என்னும் நிலை. அதை அவர் முதுகாலேயே நடித்தார் என்று நமக்குத் தோன்றியது. பூஜப்புரைக்கு இன்றும் அடையாளமாய் நிற்பது அங்குள்ள மத்தியச் சிறைச்சாலை. அச்சிறையை அயலில் வைத்துக்கொண்டு பள்ளி சென்ற சிறுமிக்கு அறுபது வயது கடந்தபின் இவ்வேடம் வாய்த்தது தற்செயலே. ஆயினும் நினைக்குந்தோறும் வியப்பைத் தருகிறது.

2003இல் மைய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தது. தேசிய திரைப்பட விருது அதற்குப் பின்னும் காக்கவைத்தது. பாலக்காட்டுப் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ் அந்தணர்களின் அக்கிரகார வாழ்வை, நாடு விடுதலை பெறுவதற்கு முந்தைய பத்தாண்டுகளைக் களமாக்கி, மோகன் சர்மா தமிழிலும் மலையாளத்திலும் படமெடுத்தார். தமிழில் அதன் பெயர் 'நம்ம கிராமம்'. இளம் விதவை ஒருத்தியின் துயரம் கதையின் நடுவே நிற்க, குடும்பத்தின் மூதாட்டியாகச் சுகுமாரி நடித்தார். 2010ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருதுகள் 2011இல் அறிவிக்கப்பட்டபோது சிறந்த துணை நடிகை அவரே. அதே பட்டியலில் சிறந்த துணை நடிகர் விருது 'மைனா' படத்துக்காகத் தம்பி ராமையாவுக்குச் சென்றது. சுகுமாரிக்கு வயது எழுபது. கேரளம் தன் மகளென்று கொண்டாடிய நடிகைக்கு, ஒரு தமிழ்ப் படத்தில், கேரளத்துத் தமிழ்ப் பாட்டியாக நடித்ததற்காக அவ்விருது வந்தது. எல்லைக்கு அப்பால் குடியேறி, வீட்டுக்குள் தமிழைக் காத்து, வெளியே வேற்றுமொழி பேசி வாழ்ந்த குடும்பத்துப் பெண்ணாக அவர் வேடமேற்றதில், நம்மைப் போன்றோருக்குத் தனிப்பட்ட ஒரு மகிழ்ச்சியும் உண்டு என்பதை மறைப்பானேன்?

2013 பிப்ரவரி இறுதியில், சென்னையில் தம் இல்லத்துப் பூஜையறையில் விளக்கேற்றும்போது உடையில் தீப்பற்றியது. ஒரு மாத காலம் மருத்துவமனையில் இருந்து, மார்ச்சு 26ஆம் நாள் காலமானார்.

சில மாதங்களுக்கு முன் கரமனையில் நண்பர் ஒருவர் வீட்டில் அமர்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் 'பாசமலர்' ஓடிக்கொண்டிருந்தது. நம்முடன் வந்திருந்த மலையாள அலுவலர் ஒருவர் பாதி கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தவர், கலியாணப் பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது டிக் அம்மாயியல்லவா!" என்றார். வீட்டு மூதாட்டியார் நம்பவில்லை. "இந்தப் பொண்ணா? இவ நம்ம பக்கத்துப் பொண்ணுன்னா, இருபது வயசுகூட இருக்காது" என்றார். அலுவலர் விடவில்லை, கண்ணை உருட்டி இடப்புறம் திரும்பும் அந்த ஒரு பார்வையைச் சுட்டிக் காட்டினார். அம்மையார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கூர்ந்து பார்த்தார். "ஆமாம், அவதான்" என்று ஒப்புக்கொண்டவர், "ஆனா இவ நாகர்கோவில்காரி" என்று சேர்த்தார். "பூஜப்புரைக்காரி" என்றார் அலுவலர். அந்த வழக்கு முடிவதற்குள் ஆட்டம் முடிந்து, திரையில் சாவித்திரி வந்துவிட்டார்.